வீட்டுக்கு வந்த மின்சார நிலையம்

2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ஆம் தேதி விடியற்காலையில், 'கஜா' என்ற பெயர் பூண்ட புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிற்று. 1930-இல் ராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் கால்நடையாகவே சென்றடைந்த அதே வேதாரண்யந்தான். தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்சாரக் கம்பங்கள் விழுந்தன. காவிரி பாயும் ஜில்லாக்களில் எத்தனையோ கிராமங்கள் நாட்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் இருளில் கிடந்தன.

அந்த நாட்களில் ஊருக்கு ஊர் ஒரு புதிய சத்தம் கேட்கத் தொடங்கியது. சிறிய ஜெனரேட்டர்களின் சத்தம் அது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும், கைப்பேசிகளுக்கு உயிரூட்டவும், இரவில் இரண்டு விளக்கு எரியவும் ஜனங்கள் அவற்றை வாடகைக்குப் பிடித்தார்கள். வசதி உள்ளவர்கள் விலை கொடுத்தே வாங்கினார்கள். 2016 டிசம்பரில் சென்னையை வர்தா புயல் தாக்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையில் நகரம் மூழ்கியபோதும் இதே கதைதான். கல்யாண மண்டபத்துக்கும் திருவிழாக் கடைக்கும் உரியதென்று நாம் கருதியிருந்த யந்திரம், இப்போது நடுத்தரக் குடும்பங்களின் கொல்லைப்புறத்துக்கும் வந்துவிட்டது.

வந்தது நல்லதே. புயலுக்குப் பிறகு குடிதண்ணீர் இல்லாமல் தவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு விஷயத்தைச் சிந்திப்பதில்லை. ஜெனரேட்டர் என்பது மின்விசிறியைப் போலவோ குளிர்பதனப் பெட்டியைப் போலவோ மின்சாரத்தைச் செலவழிக்கும் சாமான் அன்று. மின்சாரத்தை உண்டாக்கும் நிலையம். அதன் கயிற்றை இழுத்து முடுக்கிய கணத்திலிருந்து, வீட்டுத் தலைவர் மின்சார வாரியத்தின் தலைவர், என்ஜினியர், லைன்மேன் ஆகிய மூன்று உத்தியோகங்களையும் சம்பளம் இல்லாமலே ஏற்றுக்கொள்கிறார். உத்தியோகத்தோடு அதன் பொறுப்புகளும் வந்து சேர்கின்றன. அவற்றுள் இரண்டு, உயிர் சம்பந்தப்பட்டவை. ஒன்று வீட்டுக்குள் உறங்குகிறவர்களின் உயிர். மற்றொன்று எங்கோ ஒரு கம்பத்தின்மேல் ஏறி நிற்கும், நமக்குப் பெயரும் தெரியாத ஒரு மனிதரின் உயிர்.

முதலில் வீட்டுக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

நம் ராஜதானியில் 1932-இல் பைகாரா மின்சாரம் பிறந்தது. நீலகிரியின் அருவி நீரே அதற்கு ஆதாரமாதலால் புகைக்கு அங்கே வேலையில்லை. பிற்காலத்தில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் பெரிய நிலையங்களைக் கட்டியபோது, அவற்றை ஊருக்கு வெளியே அமைத்து, நூற்றுக்கணக்கான அடி உயரத்துக்குப் புகைபோக்கி எழுப்பினார்கள். நம் வீட்டு மின்சார நிலையத்தின் புகைபோக்கியோ தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கும் குறைவு. அதை ரேழியிலோ, மாடிப்படியின் அடியிலோ, ஜன்னலை ஒட்டினாற்போலவோ வைத்து ஓட்டுகிறோம்.

பெட்ரோலோ டீசலோ மண்ணெண்ணெயோ காற்றில் முழுமையாக எரிந்தால் கரியமிலவாயு உண்டாகும். முழுமையாக எரியாதபோது, அதன் தம்பி என்று சொல்லத்தக்க கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிறது. அண்ணனுக்கு இரண்டு பிராணவாயு அணுக்கள், தம்பிக்கு ஒன்றே. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள அவன் நம் இரத்தத்தை நாடுகிறான் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ரசாயன சாஸ்திரப்படி அது சரியான விளக்கம் அல்ல. உண்மையில் நடப்பது இதுதான்: நம் இரத்தத்திலுள்ள ஹிமோகுளோபின் என்னும் சிவப்புப் பொருள் பிராணவாயுவைச் சுமந்துகொண்டு உடல் முழுவதும் சுற்றி வருகிறது. அதற்குப் பிராணவாயுவிடம் உள்ள பற்றைக் காட்டிலும் இந்த விஷவாயுவிடம் உள்ள பற்று 200 மடங்குக்கும் அதிகம். ஆகவே காற்றில் இவ்வாயு சொற்ப அளவில் இருந்தாலும், ஹிமோகுளோபின் அதையே பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறது. மார்பு விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும், சுவாசம் நடந்துகொண்டிருக்கும், ஆயினும் மூளைக்கும் இருதயத்துக்கும் பிராணவாயு போய்ச் சேராது. இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணில் எரிச்சலும் இல்லை. புகை நாற்றம் அடிக்கவில்லையே என்று தைரியம் கொள்வதில் அர்த்தமே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் சாஸ்திரி, இந்த வாயுவைத் தாமே சுவாசித்து, என்னென்ன செய்கிறது என்று குறித்து வைத்தார். வெடிவிபத்து நேர்ந்த நிலக்கரிச் சுரங்கங்களில் இறந்தவர்கள் பலர் வெடியினால் அல்ல, இந்த வாயுவினாலேயே இறந்தார்கள் என்று அவர் கண்டறிந்தார். சிறிய பிராணிகளுக்குச் சுவாசம் வேகமாக நடப்பதால் விஷம் அவற்றைத்தான் முதலில் தாக்கும். ஆனபடியால் சுரங்கத்துக்குள் அவற்றை உடன் கொண்டுபோக வேண்டும் என்று யோசனை கூறியவரும் அவரே. கூண்டில் கானரிக் குருவியோடு சுரங்கத்தில் இறங்கும் வழக்கம் பிரிட்டனில் 1980-களின் பிற்பகுதி வரையில் நீடித்தது. இந்த ஹால்டேனின் குமாரர்தான், பின்னாளில் நம் நாட்டுக்கே வந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் காலமான விஞ்ஞானி ஜே. பி. எஸ். ஹால்டேன். சிறு வயதில் தந்தையாருடன் சுரங்கங்களுக்குள் இறங்கியவர் அவர்.

சுரங்கத்தில் இருந்த அபாயம் இன்று நம் கூடத்துக்கு வந்திருக்கிறது. நம்மிடம் குருவி இல்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு பிரயாண வண்டிக்குள் இருவர் மாண்டு கிடந்தார்கள். வண்டிக்குள் குளிர்சாதனத்துக்காக ஓடிய ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்ஸைடே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூயிஸியானா ராஜ்யத்தை 'லாரா' என்ற புயல் தாக்கியபோது, காற்றுக்கும் வெள்ளத்துக்கும் தப்பியவர்களில் சிலர், புயல் ஓய்ந்த பிறகு ஜெனரேட்டர் வாயுவுக்கு இரையானார்கள். லேக் சார்ல்ஸ் என்ற ஊரில் ஒரே வீட்டில் பலர் இறந்தார்கள். அங்கே யந்திரம் இருந்த இடம், வீட்டை ஒட்டிய மோட்டார்க் கொட்டகை. அந்த நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 100 பேர் இவ்விதம் மடிவதாக அவர்களுடைய நுகர்பொருள் பாதுகாப்புக் கமிஷன் கணக்கிட்டிருக்கிறது. ஒரு சிறு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான மோட்டார் வண்டிகளுக்கு ஈடான விஷவாயுவைக் கக்கக்கூடும் என்றும் அக்கமிஷன் எச்சரிக்கிறது. இன்றைய மோட்டார் வண்டிகளில் புகையைச் சுத்தி செய்யும் கருவி உண்டு. இந்தச் சிறு யந்திரங்களில் பெரும்பாலும் அது கிடையாது.

இவ்வளவு அபாயம் இருந்தும் ஜனங்கள் ஏன் அதை வீட்டுக்குள் வைக்கிறார்கள்? முட்டாள்தனம் என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. மூன்று காரணங்கள் இருக்கின்றன. மூன்றும் நியாயமான காரணங்களே. வெளியே மழை பெய்கிறது. வெளியே வைத்தால் இரவில் திருடன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். சத்தம் அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. மின்சாரம் இல்லாத இராத்திரியில் இந்த மூன்றும் சேர்ந்துகொண்டு யந்திரத்தை வாசலிலிருந்து திண்ணைக்கும், திண்ணையிலிருந்து ரேழிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே வருகின்றன.

இதற்குப் பரிகாரம் புயலுக்கு முன்னாலேயே செய்து வைக்க வேண்டும். வீட்டிலிருந்து குறைந்தபட்சம் 20 அடி தள்ளிக் கொல்லையில் ஒரு மேடை கட்டி, நான்கு கால் நட்டு, மேலே ஒரு தகரம் போட்டால் மழைக்குப் போதும். பக்கங்களில் மாத்திரம் சுவர் கூடாது. தட்டி வைத்தும் மறைக்கலாகாது. காற்று நாற்புறமும் ஓடவேண்டும். மேடையிலேயே ஓர் இரும்பு வளையத்தைப் பதித்துச் சங்கிலியால் பூட்டினால் திருடனுக்கும் விடை சொல்லியாயிற்று. புகைக்குழாயின் வாய் நம் ஜன்னலை மட்டுமல்ல, அண்டை வீட்டு ஜன்னலையும் நோக்கி இருக்கக் கூடாது. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் இதுவே கஷ்டமான விஷயம். நம் கொல்லைக்கோடி அடுத்த தெருக்காரரின் சமையலறையாக இருக்கும். அவரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த நேரத்தில் அவர் எந்த ஜன்னலைத் திறந்து வைப்பார் என்று கேட்டுக்கொண்டு இடம் பார்ப்பதே முறை. கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே ஓட்டலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: போதாது. திறந்த ஜன்னல் வழியாகக் காற்று வெளியே போவதைப் போலவே உள்ளேயும் வரும். வெளியே வைத்த யந்திரத்தின் வாயுவைக்கூட அது உள்ளே கொண்டு வந்துவிடும். அடுக்குமாடி வீடுகளில் பால்கனியிலும் மாடிப்படியிலும் ஜெனரேட்டர் ஓட்டுவதற்கு இடமே இல்லை என்பதை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அங்கே மின்கலத்தைக் கொண்டு இயங்கும் இன்வர்ட்டரே தகுந்தது. விளக்கும் விசிறியும் அதற்குச் சிரமமில்லை.

கார்பன் மோனாக்ஸைடு காற்றில் கலந்தால் மணியடித்து எச்சரிக்கும் சிறு கருவி ஒன்று கிடைக்கிறது. பாட்டரியில் இயங்குவது, விளக்கு இல்லாதபோதும் வேலை செய்யும். ஜெனரேட்டர் வைத்திருக்கும் வீட்டில் படுக்கையறைக்கு அருகே ஒன்று இருக்க வேண்டும். யந்திரத்துக்குக் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை அற்பம். ஹால்டேன் சொன்ன கூண்டுப் பறவை இதுவே என்று கொள்ளலாம்.

கருவி இல்லாத வீட்டில் அறிகுறிகளே வழிகாட்டி. முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், குமட்டல், கால்களில் பலக்குறைவு, பிறகு மூர்ச்சை. புயலுக்குப் பிந்திய நாட்களில் இவற்றை யாரும் சந்தேகிப்பதில்லை. தூக்கம் கெட்டது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் மாறிப்போயிற்று என்று எதையாவது நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். படுத்தவர்கள் எழுந்திருப்பதில்லை. ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலி, ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, வாசலுக்கு வந்தால் சற்றுத் தெளிகிறது என்றால், அது உணவுக் கோளாறாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், இருதய நோயுள்ள முதியவர்கள் ஆகியோரை இது சீக்கிரம் தாக்கும்.

உடனே எல்லோரும் வெட்டவெளிக்கு வந்துவிட வேண்டும். யந்திரத்தை நிறுத்துவது அதற்குப் பிறகுதான். 108-க்குச் சொல்லியனுப்பி, வைத்தியரிடம் "ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது" என்ற ஒரு வாக்கியத்தை மறவாமல் கூற வேண்டும்; அவர் பிராணவாயு கொடுக்கத் தொடங்குவதற்கு அதுவே துப்பு. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2020-இல் கொரோனா நோய் பரவியபோது, விரல் நுனியில் மாட்டிப் பிராணவாயுவின் அளவைக் காட்டும் கருவியைப் பல குடும்பங்கள் வாங்கி வைத்தன. அந்தக் கருவியை இப்போது நம்பவே கூடாது. அது இரத்தத்தின் நிறத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்கிறது. விஷவாயுவைச் சுமந்த இரத்தமும் செக்கச் செவேலென்றே இருப்பதால், ஆள் மயங்கிக்கொண்டிருக்கும்போதே 98, 99 என்று காட்டி நம்மை ஏமாற்றிவிடும்.

இனி, கம்பத்தின்மேல் இருக்கும் மனிதரைப் பற்றி.

வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியே கம்பி இழுக்க அலுத்துக்கொண்டு, சிலர் ஒரு குறுக்கு வழியைக் கையாளுகிறார்கள். இரு முனையிலும் பிளக் பொருத்திய ஒரு கம்பியை எடுத்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரிலுள்ள பிளக்குத் துவாரத்திலும் செருகிவிடுகிறார்கள். வீடு முழுவதும் விளக்கு எரிகிறது. குழந்தைகள் கைதட்டுகின்றன. மின்சாரம் அந்தச் சுவரோடு நின்றுவிடுவதில்லை. மெயின் சுவிட்சை அணைக்க மறந்திருந்தால், அது மீட்டரைத் தாண்டி, தெருக் கம்பியில் ஏறி, டிரான்ஸ்பார்மரை நோக்கிச் செல்கிறது.

பௌதிக வகுப்பில் இந்தப் பாடம் நடத்தும்போது யாராவது ஒரு பையன் தவறாமல் கேட்பான்: "சார், டிரான்ஸ்பார்மர் வோல்ட்டேஜைக் குறைக்கத்தானே இருக்கிறது? நம் வீட்டு மின்சாரம் அதற்குள் போனால் இன்னும் குறைந்துதானே போகும்?" நல்ல கேள்வி. டிரான்ஸ்பார்மர் ஒருவழிப் பாதை அன்று. 11,000 வோல்ட் வரும் பக்கத்தில் கம்பிச் சுருள் அதிகம். வீட்டுக்குப் போகும் பக்கத்தில் குறைவு. மேலிருந்து வந்தால் 11,000 குறைந்து சுமார் 230 ஆகிறது. கீழிருந்து 230 புகுந்தால், அதே விகிதத்தில் பெருகி, ஏறக்குறைய 10,000 வோல்ட்டாக மேலே போகிறது. பல சமயங்களில் அண்டை வீடுகளின் பாரம் முழுவதும் இழுப்பதால் சிறு யந்திரம் திணறி நின்றுவிடும் என்பது மெய்யே. ஆனால் புயல் எந்தக் கம்பியை எங்கே அறுத்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? பாரம் இழுக்கும் வீடுகளெல்லாம் துண்டிக்கப்பட்டு, நம் வீடும் டிரான்ஸ்பார்மரும் மட்டும் இணைந்திருந்தால், அந்தப் பல்லாயிரம் வோல்ட் அறுந்த கம்பியின் நுனியில் போய்க் காத்திருக்கும்.

கஜா புயலின்போது நம் மின்வாரிய ஊழியர்களுக்குத் துணையாகக் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஊழியர்கள் வந்து, சேற்றிலும் வயல் வரப்பிலும் நின்று கம்பம் நட்டார்கள். தம் வீட்டை விட்டு, மொழி வேறான ஊருக்கு வந்து, நமக்கு விளக்கேற்றப் பாடுபட்டவர்கள் அவர்கள். கம்பியில் கைவைக்கும் முன் அதைப் பூமியோடு இணைத்துப் பரீட்சிப்பது அவர்களுடைய தொழில் முறை. அந்த முறைகள் உயிரைக் காப்பவை. ஆயினும் இரவும் பகலும் ஓய்வின்றி வேலை செய்கிறவரின் ஒரு கணக் களைப்பை நம்பி, நம் வீட்டிலிருந்து கம்பியில் மின்சாரத்தை ஏற்றி வைப்பது எந்த நீதியில் சேரும்? எந்த வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறதென்று அவருக்குத் தெரிய வழியில்லை. மின்சார நிறுத்தத்தை நம்பியே அவர் ஏறுகிறார்.

"நான் மெயினை அணைத்துவிட்டுத்தான் செருகுவேன்" என்று சொல்லும் ஜாக்கிரதைக்காரர்களும் உண்டு. அவர் ஊரில் இல்லாத நாளில் அவருடைய பிள்ளையாண்டான் செருகுவான், அவன் அணைப்பானா? தவிரவும், செருகாத முனையின் பித்தளைக் குச்சிகள் மின்சாரத்தோடு வெறுமையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தவழும் குழந்தை ஒன்று போதும். மின்சாரம் திடீரென்று திரும்பி வரும்போது இரண்டும் மோதி, ஜெனரேட்டர் கருகிப் போவதும் உண்டு. இரு பக்கமும் பிளக் வைத்த கம்பி வீட்டில் இருந்தால் இன்றே அதை வெட்டி எறிந்துவிட வேண்டும். இந்த விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது.

முறையான வழி, சேஞ்ச் ஓவர் சுவிட்ச். அதன் கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் வாரியத்தின் மின்சாரம். மறு பக்கம் தள்ளினால் ஜெனரேட்டரின் மின்சாரம். நடுவில் நின்றால் இரண்டும் இல்லை. இரண்டையும் ஏககாலத்தில் இணைக்க அதற்கு வழியே இல்லை என்பதுதான் அதன் பெருமை. யாருடைய ஞாபகசக்தியையும் அது நம்பி இருப்பதில்லை. லைசென்ஸ் பெற்ற மின்தொழிலாளியைக் கொண்டு, இரு கம்பிகளையும் சேர்த்துத் துண்டிக்கும் வகையைப் பொருத்த வேண்டும். மும்முனை இணைப்புள்ள வீடுகளுக்கு நான்கு கம்பிகளுக்கும் உரிய வகை வேண்டும். அதுவரையில், தேவையான இரண்டொரு சாமான்களை மட்டும் தனிக் கம்பி மூலம் ஜெனரேட்டரிலேயே நேராக இணைத்துக்கொள்ளலாம். அந்தக் கம்பி கனமானதாகவும், ஒட்டுப் போடாததாகவும், முழு நீளத்துக்கும் விரித்ததாகவும் இருக்கட்டும். சுருட்டி வைத்த கம்பி சூடேறும்.

மற்றவை சுருக்கமாகச் சொல்லத்தக்கவை. 2,000 வாட் யந்திரம் என்றால் 2,000 வாட்டுக்கும் சாமான் மாட்டலாம் என்று பொருள் அல்ல. விசிறிக்குச் சுமார் 75 வாட், நவீன விளக்குக்கு 9 வாட், இவை சாது. தண்ணீர் மோட்டாரும் குளிர்பதனப் பெட்டியும் அப்படியல்ல. ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்சாரத்தைக் கிளம்பும் கணத்தில் இழுக்கும். ஒரு குதிரைச் சக்தி என்பது 746 வாட். அந்த மோட்டார் கிளம்பும்போது 2,000 வாட் யந்திரம் மூச்சுத் திணறலாம். ஆகவே மற்றவற்றை நிறுத்திவிட்டு மோட்டாரை முதலில் கிளப்பித் தொட்டியை நிரப்பிக்கொண்டு, அதை நிறுத்திய பிறகு விளக்குகளைப் போடுவது உத்தமம். இஸ்திரிப் பெட்டியும் வெந்நீர்க் கருவியும் மின்சாரம் திரும்பி வரும்வரை விடுமுறையில் இருக்கட்டும்.

பெட்ரோலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று, பல அடி தூரத்திலுள்ள அகல் விளக்கையோ அடுப்பையோ தேடிப் பிடித்துவிடும். ஓடும் யந்திரத்திலும், நிறுத்திய சூடு ஆறாத யந்திரத்திலும் எண்ணெய் ஊற்றலாகாது. இராத்திரி பாதி வழியில் தீர்ந்துபோய், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஊற்றும்படி நேராமல், அந்தியிலேயே நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். மிச்சத்தை மூடியுள்ள தகுந்த டப்பாவில், வீட்டுக்கு வெளியே, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பானம் வந்த பாட்டிலில் பெட்ரோல் வைப்பது எவ்வளவு அபாயம் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஈரக் கையோடும், தண்ணீர் தேங்கிய தரையில் வெறுங்காலோடும் யந்திரத்தைத் தொடக் கூடாது.

தெருவிளக்கு எரிந்து, மின்சாரம் வந்துவிட்டதென்று தெரிந்ததும், குதூகலத்தில் சுவிட்சைத் தள்ளிவிட வேண்டாம். முதலில் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக நிறுத்தவும். கைப்பிடியை நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டு, யந்திரத்தைச் சுமையின்றி இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு அணைக்கவும். பிறகு வாரியத்தின் பக்கம் தள்ளி, ஒரே ஒரு விளக்கைப் போட்டுப் பார்க்கவும். அது மங்காமலும் மிகையாகப் பிரகாசிக்காமலும் சில நிமிஷம் நின்று எரிந்தால் மற்றவற்றை மாட்டலாம். சூடு ஆறியதும் தாங்கியிலுள்ள பெட்ரோலை வடித்து வைக்கவும். மாதங்கணக்கில் தேங்கிய பெட்ரோல் யந்திரத்தின் நுண்ணிய துவாரங்களை அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒருமுறை கொஞ்சம் ஊற்றி, வெட்டவெளியில், பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தால் போதும்.